வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பாத முதலாளி

1. முள்ளும் மூக்கும்

விமானம் நின்றபோது அதன் மூக்குக்கு முன்னால் கருவேல முள்வேலி இருந்தது. இடையில் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைந்து போகலாம். விருந்து சாப்பிட்டு வந்த ஆளென்றால் சிரமம். புரொப்பெல்லர் ஓய்ந்தது. எங்கள் பின்னால் கிளம்பிய சரளைப் புழுதி எங்களைத் தாண்டிப் போய் முள்ளின்மேல் படிந்தது.

பக்கத்து இருக்கையில் ஓட்டிவந்த செல்லூர் சௌந்தரபாண்டி துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"எப்படி சார்? பூ மாதிரி எறக்குனேன்ல?"

"பூ மாதிரித்தான் எறக்குனீங்க முதலாளி. கொண்டுவந்து முள்ளுல வச்சிட்டீங்க" என்றேன்.

அவர் அப்போதுதான் முன்னால் பார்த்தார். "இந்த வேலி இம்புட்டுக் கிட்டயா இருந்துச்சு?" என்றார், வேலிதான் எழுந்து நடந்து வந்தது போல.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. அவனியாபுரம் தாண்டிப் பொட்டல் காட்டில் இருந்த ஒரு சின்னப் பறக்கும் கிளப்பில் நான் இன்ஸ்ட்ரக்டர். சொத்து என்று பார்த்தால் ஒரு சரளை ஓடுதளம், ஒரு தகரக் கொட்டகை, துணி போர்த்திய இறக்கையோடு இரண்டு பேர் உட்காரும் ஒரு விமானம், அதற்கு ஒரு மெக்கானிக். கீழேயிருந்து பேச ரேடியோகூடக் கிடையாது. மேலே போனவர் மேலே போனவர்தான். அவராக வந்தால் உண்டு.

கிளப்பில் ஒரு விதி இருந்தது. லைசென்ஸ் வாங்கிப் பல வருடம் ஓட்டியவராக இருந்தாலும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இன்ஸ்ட்ரக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பறந்து காட்ட வேண்டும். இதற்கு ரிவ்யூ என்று பெயர். 'இவர் ஆளேற்றிப் பறக்கலாம்' என்று நான் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பக்கத்து இருக்கையில் வேறு யாரையும் உட்கார வைக்கலாம்.

பறக்கக் கற்றுத்தர எனக்கு ஆட்கள் இருந்தார்கள். பறக்கத் தெரிந்த ஒருவரைச் சோதிப்பது எப்படி என்று சொல்லித்தர ஒருவரும் இல்லை. எதிரே இருப்பவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டுத்தான் அதைக் கற்றுக்கொண்டேன். மதுரைக்காரர்கள் பேசுவதைக் கேட்பதற்குச் சம்பளமும் கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

அந்த நாளில் ரிவ்யூ என்பது கேள்வித்தாள் முன்கூட்டியே கிடைத்த பரீட்சை மாதிரி. "ஸ்டால் காட்டுங்க" என்பேன். வேகத்தைக் குறைத்து, மூக்கைத் தூக்கி, விமானம் தொங்கிச் சரியும்போது அழகாக மீட்டுக் காட்டுவார்கள். "ஸ்டீப் டர்ன்" என்பேன். இறக்கையைச் சாய்த்து வட்டம் போட்டுக் காட்டுவார்கள். முதல் நாளே வந்து ஒத்திகை பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். கோயில் கச்சேரிக்குக்கூட அவ்வளவு ஒத்திகை இருக்காது. ஆனால் யாரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு ஸ்டீப் டர்ன் அடிக்கப் போவதில்லை. அவர் நிஜமாகவே போகப்போகிற பறப்பைத்தானே நான் பார்க்க வேண்டும்?

இந்தப் புத்தி வந்த பிறகு என்னிடம் முதலில் சிக்கியவர் சௌந்தரபாண்டி.

2. நான் சம்பந்தி ஆன காலை

செல்லூரில் விசைத்தறி வைத்திருந்தவர். தறிச் சத்தத்துக்கு நடுவே ஆள் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. விமானத்துக்குள் மற்றவர்கள் பேசினால் எஞ்சின் இரைச்சலில் எனக்குப் பாதி வார்த்தைதான் கேட்கும். இவர் பேசினால் எஞ்சின்தான் கேட்காது. மெக்கானிக் காதர் பாய் இவர் வரும்போதெல்லாம், "சார், முதலாளி மேல போனா நமக்கு ரேடியோ எதுக்கு? சன்னலைத் தொறந்து பேசச் சொல்லுங்க, கேக்கும்" என்பார்.

நாற்பது வயதைத் தாண்டிப் பறக்க வந்து, பிடிவாதமாகக் கற்று லைசென்ஸ் வாங்கியவர். ஓட்டுவதில் கை சுத்தம். தரையைத் தொடும்போது சக்கரத்துக்கே தெரியாது. அந்த விஷயத்தில் அவரை நான் கேலி செய்ததே இல்லை.

அப்போது அவர் மகளுக்கு மேலூர்ப் பக்கம் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பெரியகருப்பன். தென்னந்தோப்பும் கிணறுமாக இருக்கிற விவசாயி. அதிகம் பேசமாட்டார். பேச்சு முடிந்த அன்று சௌந்தரபாண்டி தம் வழக்கப்படி சபை நடுவே, "சம்பந்தி, ஒங்க தோப்பையும் கெணத்தையும் ஆகாசத்துலருந்து காட்டுறேன், வாங்க" என்று சொல்லிவிட்டார். பெரியகருப்பன் சொன்னது ஒரே வார்த்தை: "பாப்போம்." வேண்டாம் என்பதைத்தான் மரியாதையாகச் சொல்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். சில வாரம் கழித்து, "வர்ற ஞாயித்துக்கிழமை வாரேன்" என்று ஆள்மூலம் சொல்லி அனுப்பிவிட்டார்.

சௌந்தரபாண்டியின் ரிவ்யூ காலம் முடிந்து போயிருந்தது. ஓடி வந்தார்.

"ஒரு ரவுண்டு, ஒரு கையெழுத்து. அம்புட்டுத்தான சார்?"

"ரவுண்டெல்லாம் வேணாம் முதலாளி. ஞாயித்துக்கிழமை சம்பந்திய எப்படிக் கூட்டிட்டுப் போவீங்களோ, அச்சு அசலா அப்படியே என்னையக் கூட்டிட்டுப் போங்க. இன்னைக்கு நாந்தான் சம்பந்தி."

அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "வாங்க சம்பந்தி, தலை இடிக்கும், பாத்து" என்று கதவைத் திறந்து பிடித்தார். காதர் பாய் சக்கரக் கட்டையை எடுத்துக்கொண்டே, "சம்பந்திக்குச் சந்தனம், கல்கண்டெல்லாம் கெடையாதா?" என்றார்.

கிளம்பினோம். வைகையைத் தாண்டி, ஒத்தக்கடை யானைமலையை ஒரு பக்கமாக விட்டு, மேலூர் ரோட்டைப் பிடித்துப் போனோம். நான் சம்பந்தியாகவே இருந்தேன். "என்னங்க இந்தக் கடியாரம் மணி தப்பாக் காட்டுது?" என்பேன். "அது ஒசரம் சம்பந்தி" என்பார். "வண்டிய நிறுத்தி எளநி குடிக்க முடியாதா?" என்பேன். சிரிப்பார். நன்றாகத்தான் ஓட்டினார்.

திரும்பி வந்து ஓடுதளத்துக்கு நேராக, ஃபைனல் என்கிற கடைசி இறக்கத்தில் இருந்தோம். நான் சன்னல் பக்கம் கையை நீட்டி, "அந்தா பச்சையாத் தெரியுதே, அது யாரு வயலு?" என்று கேட்டேன். அவ்வளவுதான். வயல் யாருடையது, அதை முதலில் விலை பேசியது யார், கடைசியில் ஏமாற்றியது எந்த மச்சினன் என்று அவர் ஆரம்பித்துவிட்டார். விமானம் இறங்க வேண்டிய அளவு இறங்கவில்லை. குறைய வேண்டிய வேகமும் குறையவில்லை. கதை முடிந்து அவர் முன்னால் பார்த்தபோது ஓடுதளத்தின் ஆரம்பம் எங்களுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. நாங்கள் தென்னை மர உயரத்தில் இருந்தோம்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரியும், அவருக்குத் தெரிந்துவிட்டது என்று. ஆனாலும் இறக்கினார். சக்கரம் தரையைத் தொட்டபோது பாதி ஓடுதளம் பின்னால் போயிருந்தது. வேலிக்கு முன்னால் நின்றுவிடும் என்று கணக்குப் பார்த்துத்தான் நான் கையை மடியில் வைத்திருந்தேன். முள்ளை எண்ணும் தூரத்தில் நிற்கும் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

3. டிக்ஷனரியில் இருந்த வாசப்படி

கொட்டகையில் டீ வந்தது. ரிவ்யூவில் பறப்பது பாதி, இறங்கியபின் பேசுவது பாதி. அந்தப் பேச்சையும் நான் ஆரம்பிப்பதில்லை. பறந்தவரே ஆரம்பிக்க வேண்டும்.

"நீங்களே சொல்லுங்க முதலாளி. தப்பா வாரோம்னு எந்த எடத்துல தெரிஞ்சுச்சு?"

"வாசப்படிக்கு மேல வாரப்பவே தெரிஞ்சுச்சு சார். ஒசரம் சாஸ்தி, வேகமும் சாஸ்தி."

"அப்ப ஏன் கோ-அரவுண்ட் போகல?"

கோ-அரவுண்ட் என்பது பெரிய வித்தையில்லை. இறக்கம் சரியாக வரவில்லை என்றால் எஞ்சினுக்கு வேகம் கொடுக்கிற த்ராட்டிலை முழுக்கத் தள்ளி, மறுபடி மேலே ஏறி, ஒரு சுற்று சுற்றி வந்து புதிதாக இறங்குவது. பெட்ரோல் கொஞ்சம் போகும். வேறு ஒன்றும் போகாது.

சௌந்தரபாண்டி டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான். அதைக் கண்டு காதர் பாயே பயந்துபோய் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"லைசென்ஸ் வாங்குனப்பறம் எத்தன தடவ கோ-அரவுண்ட் போயிருக்கீங்க?"

"ஒரு தடவகூட இல்ல" என்றார். குரலில் பெருமை திரும்பி வந்தது.

"அவரு திரும்புனதே இல்ல சார். பிரேக் புடிச்சே தேஞ்ச டயரைக் கேட்டுப் பாருங்க, அழும்" என்றார் காதர் பாய்.

"பாய், நீங்க சும்மா இருங்க. சார், ஓடுதளத்தோட ஆரம்பத்துக்கு என்ன பேரு?"

"த்ரெஷோல்டு."

"அதுக்கு எம் மகளோட டிக்ஷனரியில என்ன போட்டிருக்குன்னு தெரியுமா? வாசப்படின்னு போட்டிருக்கு. நானும் பாத்ததுலருந்து அப்படித்தான் சொல்றேன். ஒருத்தன் வீட்டு வாசப்படி வரைக்கும் போயிட்டு, உள்ள காலு வைக்காம திரும்புனா அந்த வீட்டுக்காரன் என்ன நெனைப்பான்? பொண்ணு பாக்க வந்தவன் வாசல்ல நின்னு திரும்பிப் போனா அந்தத் தெருவுல என்ன பேச்சு வரும்? அபசகுனம் சார். எறங்க வந்தா எறங்கிரணும்."

நான் சிரிக்கவில்லை. நம் பக்கத்தில் பிறந்த யாருக்கும் அதில் சிரிப்பு வராது. இங்கிலீஷில் த்ரெஷோல்டு என்று இருந்தவரை அது சுண்ணாம்பு அடித்த கோடுதான். தமிழில் வாசப்படி ஆனதும் அதற்கு ஒரு நிலைக்கதவும், மாவிலைத் தோரணமும், நாலு சொந்தக்காரர்களும் வந்துவிட்டார்கள்.

ஆனால் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டேன்.

எழுந்துவிட்டார். "அப்ப ஞாயித்துக்கிழமை நான் சம்பந்திகிட்ட என்ன சொல்றது? சபையில பீத்துனேன், வாத்தியாரு வேணாம்னுட்டாரு, வீட்டுக்குப் போங்கன்னா? பொண்ணக் குடுக்குறவன் சார் நான். மாப்ள வீட்டுக்காரங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"உசுரோட இருந்தா எப்படியும் முழிக்கலாம் முதலாளி."

துண்டை உதறித் தோளில் போட்டார். முகம் சிவந்திருந்தது. விறுவிறுவென்று கொட்டகை வாசலுக்குப் போனவர், அங்கே நின்று என் பக்கம் பார்க்காமலேயே சொன்னார்:

"சரி சார். போயிட்டு வாரேன்."

எனக்குச் சட்டென்று உறைத்தது. "நில்லுங்க முதலாளி. இப்ப என்ன சொன்னீங்க?"

"போயிட்டு வாரேன்னேன்."

"என் மேல கோவமாத்தான போறீங்க? போறேன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதான?"

"கோவம் வேற சார். அதுக்காக வாசல்ல நின்னு போறேன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? போயிட்டு வாரேன்னுதான சொல்லணும்."

"அப்படிச் சொல்லிட்டுப் போனா அது திரும்புறதா? அபசகுனமா?"

"அது எப்படி அபசகுனமாகும்? அதான் மறுபடி வாரேன்னு சொல்லிட்டோம்ல..."

அந்த 'சொல்லிட்டோம்ல' பாதியிலேயே நின்றது. அவர் என்னைப் பார்த்தார். வெளியே நின்ற விமானத்தைப் பார்த்தார். அதன் மூக்கைப் பார்த்தார். பிறகு மெதுவாக உள்ளே வந்து, மிச்சம் இருந்த ஆறிய டீயைக் குடித்தார்.

"வாத்தியாரே, நீங்க பொல்லாத ஆளு" என்றார்.

4. சொன்னால் மட்டும் வண்டி போகாது

மறுநாள் காலை மறுபடி பறந்தோம். ஒப்பந்தம் இதுதான்: வாசப்படி நெருங்கும்போது உயரமோ, வேகமோ, காற்றோ, எது சரியில்லை என்றாலும் வாயைத் திறந்து "போயிட்டு வாரேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அப்புறம் இறங்கக் கூடாது.

முதல் முறை வேண்டுமென்றே உயரமாக வரச் சொன்னேன். வாசப்படிக்கு முன்னால் அவர் அடிவயிற்றிலிருந்து, "போயிட்டு வாரேன்!" என்று முழங்கினார். அவனியாபுரத்தில் யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்கள். விமானம் மட்டும் தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருந்தது.

"சொன்னா மட்டும் வண்டி போகாது முதலாளி, த்ராட்டில்!"

அடுத்த முறை த்ராட்டிலைத் தள்ளினார். தள்ளிய கையோடு மூக்கையும் வெடுக்கென்று தூக்கினார். நான் என் பக்கம் இருந்த கன்ட்ரோலை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கோ-அரவுண்டில் ஆளைக் கவிழ்ப்பது இந்த அவசரம்தான். வேகம் சேர்வதற்குள் மூக்கைத் தூக்கினால் விமானம் ஏறாது, தொங்கி விழும். "மூக்க அவசரப்பட்டுத் தூக்காதீங்க. முதல்ல வேகம் வரட்டும். அப்பறம் தானா ஏறும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எத்தனை சுற்று போனோம் என்று நினைவில்லை. பெட்ரோல் போட இறங்கியபோது காதர் பாய் கேட்டார்:

"என்ன முதலாளி, வாரதும் போறதுமா இருக்கீங்க? வீட்ல சண்டையா?"

கடைசிச் சுற்றில் நான் ஒன்றும் சொல்லித்தரவில்லை. மறுபடி சம்பந்தி ஆனேன். ஃபைனலில் கையை நீட்டி, "அந்தா அது யாரு வயலு?" என்றேன்.

"எறங்குனப்பறம் சொல்றேன் சம்பந்தி" என்றார், முன்னாலிருந்து கண்ணை எடுக்காமல். ஒரு கணம் கழித்து, நான் எதிர்பார்க்கவே இல்லை, "போயிட்டு வாரேன்" என்று சொல்லி த்ராட்டிலைத் தள்ளினார். ஓடுதளத்தின் நடுவில் ஆடு ஒன்று நின்றிருந்ததை நான் அதற்குப் பிறகுதான் பார்த்தேன். வயல் பார்த்துக்கொண்டிருந்தது சம்பந்திதான்.

இறங்கியதும் கையெழுத்துப் போட்டேன்.

5. ஞாயிற்றுக்கிழமை

ஆனி மாதக் காற்று. அதிகாலையில் அடங்கிக் கிடக்கும், வெயில் ஏற ஏறக் கிளம்பும். பெரியகருப்பனைச் சீக்கிரம் வரச் சொல்லியிருந்தோம். அவர் சாமி கும்பிட்டு, பலகாரம் சாப்பிட்டு, சொந்தக்காரர்களை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு, நிதானமாக வந்து சேர்ந்தார். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சந்தையில் மாடு வாங்கப் போகிறவர் போலத் தட்டிப் பார்த்தார்.

"துணியாய்யா இது?"

"துணிதான் சம்பந்தி. கெட்டித் துணி" என்றார் சௌந்தரபாண்டி. "எறங்குறப்ப மட்டும் எங்கூடப் பேச்சுக் குடுக்கக் கூடாது."

"ஏறுறப்பவே பேச்சு வராது போலருக்கே" என்றார் பெரியகருப்பன். செருப்பைக் கழற்றிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்துவிட்டு ஏறினார். காதர் பாய் அதை எடுத்து வந்து கொட்டகையில் வைத்தார்.

போனார்கள். திரும்பி வந்தபோது காற்று கிளம்பிவிட்டிருந்தது. காற்றின் திசை காட்டக் கொட்டகையில் கட்டியிருந்த காற்றுப்பை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு நின்று, திடீரென்று மறுபக்கம் திரும்பியது. இரண்டு வீட்டாரும் கொட்டகை ஓரம் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். விமானம் ஃபைனலில் வந்தது. பாதி வழிவரை நன்றாக வந்தது. பிறகு ஓடுதளத்தின் குறுக்கே புழுதி சுருண்டு எழுந்தது. ஒரு இறக்கை தூக்கியது. விமானம் ஓடுதளத்தை விட்டு ஓரமாக, ஆட்கள் நின்ற பக்கம் ஒதுங்கியது. அவர் அதைத் திருத்தினார். மறுபடி ஒதுங்கியது.

நான் கீழே நிற்கிறேன். கத்தினாலும் அவருக்குக் கேட்காது. இரண்டு வீட்டாரும் பார்க்க, மாப்பிள்ளையின் அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசப்படிவரை வந்துவிட்டார். இந்த மனிதர் எப்படித் திரும்புவார்? கையெழுத்துப் போட்டவன் நான். சௌந்தரபாண்டியின் மனைவி என் பக்கத்தில் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எறக்கிருவாரு போலயே" என்றார் காதர் பாய். அவர் குரலில் கேலி இல்லை.

எஞ்சின் உறுமியது.

விமானம் எங்கள் முன்னால், சக்கரம் தரையில் படாமல், மூக்கைத் தாழ்த்தியபடியே வேகம் எடுத்து ஓடியது. வேலி வருவதற்கு வெகு முன்பே மெதுவாக ஏறியது. சொந்தக்காரர்கள் இதுவும் வேடிக்கையில் சேர்த்தி என்று நினைத்துக் கைதட்டினார்கள். சுற்றி வந்து, காற்று ஓய்ந்த நேரம் பார்த்து, வாசப்படி தாண்டியதும் சக்கரம் வைத்தார். பூ மாதிரிதான்.

பெரியகருப்பன் இறங்கினார். செருப்பு எங்கே என்று முதலில் பார்த்தார். காதர் பாய் கொண்டுவந்து வைத்ததும் மாட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"வாத்தியாரய்யா, ஒரு சந்தேகம். எறங்கப் போற நேரத்துல எங்க சம்பந்தி சத்தமா, 'போயிட்டு வாரேன்'னாரு. ஆகாசத்துல வச்சு அந்த வார்த்தையச் சொல்லலாமா? எனக்குக் குலை நடுங்கிருச்சு."

"நீங்க என்னய்யா சொன்னீங்க?"

"பழக்க தோசம். 'சரி, போயிட்டு வாங்க'ன்னுட்டேன். அப்பறந்தான், நானும் உள்ளதான இருக்கேன்னு நெனப்பு வந்துச்சு."

6. இளையவர்களுக்கு

இப்போது இன்ஸ்ட்ரக்டராக வருகிறவர்கள் ரிவ்யூவில் என்ன பார்க்க வேண்டும் என்று என்னிடம் கேட்பதுண்டு. எந்தெந்தப் பயிற்சியைச் செய்யச் சொல்ல வேண்டும் என்பதற்குப் புத்தகம் இருக்கிறது. நான் சொல்வது இவ்வளவுதான்: அவருக்கு வருவதை அவரே காட்டிவிடுவார். அவர் செய்யாமலே விட்டது எது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு அவர் டீ குடித்து முடிக்கும்வரை காத்திருங்கள். காரணம் பெரும்பாலும் கையில் இருக்காது, அவர் வைத்திருக்கிற ஏதோ ஒரு சொல்லில் இருக்கும். அதை மாற்றும் சொல்லும் அவரிடமே இருக்கும். நாம் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டியதில்லை, அவர் சொல்லும்போது காதில் வாங்கினால் போதும்.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. பந்தியில் நன்றாகச் சாப்பிட்டேன். வெற்றிலைப் பையை வாங்கிக்கொண்டு மண்டபத்து வாசலில் நின்று, "அப்ப முதலாளி, போயிட்டு வாரேன்" என்றேன்.

சௌந்தரபாண்டி இரண்டு சம்பந்தி வீட்டாரும் கேட்கும்படி, அந்தத் தறித் தொண்டையில் பதில் சொன்னார்:

"போயிட்டு வாங்க சார். மூக்க மட்டும் அவசரப்பட்டுத் தூக்கிறாதீங்க!"